தயவும் உரிமையும்

அன்பு நிறைந்த வீட்டில் உரிமை என்னும் சொல்லுக்கு இடம் உண்டா? இக்கேள்வியை நாம் எந்த நூலிலிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழகத்துச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் வாசலில், பத்திர எழுத்தரின் மரப்பலகையில் அமர்ந்திருந்தபோது நம் தங்கையின் வாயிலாக அது நம்மை வந்தடைந்தது. அன்றைக்கு அதற்கு நாம் விடை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட விடையைத் தேடிப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

எங்கள் தந்தையார் திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுபதுகளில் பெங்களூருக்கு ஆலை வேலைக்கு வந்தவர். ஊரில் ஓர் ஏக்கர் நஞ்சையும் ஒன்றரை ஏக்கர் புஞ்சையும் ஒரு பங்குக் கிணறும் பூர்விகமாக இருந்தன. பிள்ளைகள் மூவர்: ஆண்கள் இருவர், பெண் ஒருத்தி. தந்தையார் 2011 இல் காலமானார். அடுத்த ஆண்டு நிலத்தைச் சகோதரர் இருவர் பெயருக்கும் மாற்றிக்கொள்ள முனைந்தோம். அதற்குத் தங்கையின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் ஆவணத்துக்கு வழக்கில் 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். பெண் விடுதலை என்று மேடைதோறும் பேசப்படும் நாட்டில், பெண் தன் பங்கை இழக்கும் தாளுக்கும் விடுதலை என்றே பெயரிட்டிருக்கிறோம்.

தங்கை மறுப்பேதும் சொல்லாமல் வந்தாள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு இவ்வளவே கேட்டாள்: "அண்ணா, இந்தப் பங்கு என்னுடையதா, இல்லையா? என்னுடையது என்றால், நான் கொடுத்தேன் என்று சொல்லுங்கள். என்னுடையது இல்லை என்றால், என் கையெழுத்து உங்களுக்கு எதற்கு?"

பத்திர எழுத்தர் நேரமாகிறது என்றார். உடனிருந்த எங்கள் தாயார், "அண்ணன்மாரிடம் கணக்குப் பேசலாமா? நான் என் அண்ணன்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லையா?" என்றார். தங்கை கையெழுத்திட்டாள். நாங்கள் அவளுக்குப் பட்டுப்புடைவை ஒன்று எடுத்துக் கொடுத்தோம். எல்லாம் அன்பாகவே முடிந்தது. ஆயினும் அவள் கேட்ட கேள்வி மட்டும் பெங்களூர் திரும்பும் பேருந்தில் எங்களோடு ஏறி வந்து, இன்று வரை இறங்காமல் இருக்கிறது.

மேலைநாட்டில் எழுந்த கேள்வி

பெண்ணுரிமை மேலைநாட்டுச் சரக்கு என்பார் நம்மிடையே பலர். அது உண்மையா என்பதைப் பின்னர் நோக்குவோம். முதற்கண், மேலைநாட்டில் அஃது எவ்வாறு தோன்றியது எனக் காண்பது நலம்.

1789 இல் பிரெஞ்சுப் புரட்சி மனிதனின் உரிமைகளைப் பறைசாற்றியது. அந்த 'மனிதன்' யார் என்று இரண்டாண்டு கழித்து ஒரு பெண்மணி கேட்டார். ஒலிம்ப் தெ கூஜ் என்பது அவர் பெயர். அப்பறைசாற்றலை வரிசை மாறாமல் பின்பற்றி, பெண்ணின் உரிமைகளுக்கு ஒரு பறைசாற்றலை 1791 இல் அவர் எழுதி வெளியிட்டார். 1793 இல் அரசியற் குற்றம் சாட்டப்பட்டுக் கொலைக்கருவிக்கு இரையானார்.

இங்கிலாந்தில் 1792 இல் மேரி உல்ஸ்டன்கிராப்ட் பெண்ணுரிமைக்கு வாதாடும் நூலொன்றை எழுதினார். பெண்களை இகழ்வாரைக் காட்டிலும் புகழ்வாரிடமே அவர் மிகுதியாக வழக்காடினார் என்பது எண்ணத்தக்கது. பெண் மென்மையானவள், மலர் போன்றவள், பாதுகாக்கப்பட வேண்டியவள் என்னும் புகழுரைகள் அவளை என்றைக்கும் குழந்தையாகவே வைத்திருக்கின்றன; பகுத்தறிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாதலின் கல்வியும் பொதுவாதல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அன்பான சொல்லும் விலங்காகலாம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அன்றைய ஆங்கிலச் சட்டம் எத்தகையது? மணமான பெண்ணுக்குத் தனி ஆளுமை இல்லை. அவள் ஈட்டிய ஊதியம் கணவனுடையது. அவள் பெற்ற பிள்ளைகளும் சட்டப்படி கணவனுடையவர். கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர் 1836 இல் கணவரைப் பிரிந்தபோது, பிள்ளைகள் மூவரும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டனர். அவருடைய எழுத்தால் வந்த வருவாய்க்கும் கணவர் உரிமை கொண்டாடினார். அவர் ஓயாது எழுதிப் போராடியதன் பயனாக 1839 இல், இளம் குழந்தைகளை வைத்துக்கொள்ளத் தாய் விண்ணப்பிக்கலாம் என்னும் சட்டம் வந்தது. மனைவியின் ஊதியம் மனைவிக்கே என்று 1870 ஆம் ஆண்டுச் சட்டமும், அவளுடைய சொத்து அவளுக்கே என்று 1882 ஆம் ஆண்டுச் சட்டமும் கூறின.

ஒன்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அக்காலத்து ஆங்கிலக் கணவர் அனைவரும் கொடியவர் அல்லர். பெரும்பாலோர் மனைவியரை அன்பாகவே நடத்தியிருப்பர். கணவன் நல்லவனாக இருக்கும்வரை சட்டத்தின் கொடுமை வெளியே தெரிவதில்லை. அவன் மாறினால், அல்லது மறைந்தால், அவள் கையில் ஒன்றும் இல்லை. தயவுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு நல்ல நாள்களில் புலப்படுவதன்று.

கையெழுத்துகளின் வரலாறு

நம் தங்கையின் கையெழுத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு இவ்வரலாற்றைப் படிக்கும்போது, வழிநெடுகிலும் கையெழுத்துகளே நம் கண்ணிற் படுகின்றன.

1840 இல் இலண்டனில் அடிமைமுறை ஒழிப்புக்காக உலக மாநாடு ஒன்று கூடிற்று. அமெரிக்காவிலிருந்து பேராளராக வந்த பெண்களுக்கு அங்கே இருக்கை மறுக்கப்பட்டது. அடிமைகளின் விடுதலையைப் பேசும் அவையில், பெண்கள் ஒதுங்கியிருந்து கேட்கலாம். பேராளராக அமர்தல் ஆகாது! அங்கே சந்தித்த லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்னும் இருவரும் 1848 சூலைத் திங்களில் நியூயார்க் மாநிலத்துச் செனிகா பால்சு என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினர். ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். வாக்குரிமை கேட்கும் தீர்மானத்துக்கு வந்திருந்த பெண்களே தயங்கினர். அப்போது எழுந்து அதனை ஆதரித்துப் பேசியவர், தாமே அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ். இறுதியில் 68 பெண்களும் 32 ஆண்களும் அறிக்கையிற் கையெழுத்திட்டனர். செய்தித்தாள்கள் எள்ளி நகையாடவே, சிலர் தம் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர் என்பதும் வரலாறே. அமெரிக்கப் பெண்களுக்கு அரசியற் சட்டத் திருத்தத்தின்வழி வாக்குரிமை கிட்டிய 1920 இல், கையெழுத்திட்ட பெண்களுள் உயிரோடிருந்தவர் சார்லட் உட்வர்டு ஒருவரே. ஒரு கையெழுத்துப் பலிக்க எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

மற்றொரு கையெழுத்து நம்மை இன்னும் ஆழமாகத் தைத்தது. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞரைப் பட்டப்படிப்பிற் படித்தவர் அறிவர். அவர் பிழைப்புக்குச் செய்த தொழில் என்ன என்பதைப் பலர் அறியார். அவரும் நம்மைப் போல் ஓர் எழுத்தரே! 1823 இல் தம் பதினேழாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1858 வரை இந்தியக் கோப்புகளை எழுதிவந்தவர். அவர் 1851 இல் ஹேரியட் டெய்லர் என்னும் கைம்பெண்ணை மணந்தார். மணத்துக்கு முன் ஒரு தாளை எடுத்து, திருமணத்தால் சட்டம் தமக்கு அளிக்கும் அதிகாரங்களைத் தாம் ஒப்பவில்லை என்றும், மனைவியின் உடைமை மீதும் செயல் மீதும் தமக்கு எவ்வுரிமையும் வேண்டா என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். அத்தகைய உரிமையைச் சட்டப்படி துறக்க வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினார். விடுதலைப் பத்திரம் எழுதுவது எப்போதும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆணும் எழுதலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அதே மில், நாடாளுமன்ற உறுப்பினரானபின் 1866 இல் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பெண்களின் கையெழுத்துகளைத் தாங்கிய விண்ணப்பத்தை அவையில் வைத்தார். மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் 'ஆண்' என்னும் சொல்லை எடுத்துவிட்டு 'ஆள்' என்று மாற்றக் கோரினார். ஆதரித்தோர் 73, எதிர்த்தோர் 196. தோல்விதான். ஆனால் நாடாளுமன்றத்தில் எழுபத்து மூன்று ஆடவர் பெண்ணுக்காக வாக்களித்தது அதுவே முதன்முறை. இங்கிலாந்தில் 1918 இல் முப்பது வயது கடந்து, சொத்துத் தகுதியும் உள்ள பெண்களுக்கே வாக்கு வந்தது. ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை 1928 இலேதான் கிட்டியது.

நம் மண்ணில்

இனி, இஃது அயல்நாட்டுச் சரக்கா என்னும் கேள்விக்கு வருவோம்.

நம்மவர் இவ்விடத்தில் சங்ககாலத்துப் பெண்பாற் புலவர்களை எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வது வழக்கம். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் நம் பெருமையே, ஐயமில்லை. ஆனால் அதே புறநானூற்றில், கணவனை இழந்தபின் கைம்மை நோன்பின் துயரைச் சொல்லித் தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டின் குரலும் இருக்கிறது. பொற்காலத்தைப் பாடுகிறவர்கள் அந்தப் பாட்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

கண்ணகியை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் அவையில் அவள் இரக்கம் கேட்கவில்லை, நீதி கேட்டாள். கையிற் சான்றோடு நின்று, அரசனைத் தன் தவற்றைத் தானே ஒப்புக்கொள்ளச் செய்தாள். உரிமை என்றால் என்ன என்பதைத் தமிழன் கற்க அயல்நாடு போகவேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அரசவையில் அவ்வளவு முழங்கியவள், தன் வீட்டிற் கணவன் பிரிந்தபோதும், மீண்டு வந்து நின்றபோதும், தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. சிலம்பை எடுத்துக்கொள்க என்றே கூறினாள். கணவனுக்காக மன்னனிடம் கேட்பது அவளுக்கு இயன்றது. தனக்காக வீட்டிற் கேட்பது இயலவில்லை. இன்றைக்கும் நம் பெண்களின் நிலை அதுவே அன்றோ? அலுவலகத்திலே சம்பள உயர்வு கேட்பாள். பேருந்திலே மீதிச் சில்லறை கேட்பாள். உடன்பிறந்தானிடம் பங்கு கேட்க நா எழாது.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் தென்னாடே இவ்வியக்கத்துக்குத் தொட்டிலாயிற்று. 1917 மே 8 ஆம் நாள் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவருள் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவைக் கண்டு, இந்தியப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றது. இலண்டன் அதனை மாகாணங்களின் விருப்பத்துக்கு விட்டது. ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட மாகாணங்களுள் 1921 இல் முதலில் வழிவிட்டது சென்னையே. சொத்துள்ள சில பெண்களுக்கே அது பயன்பட்டது என்பதும் உண்மை. 1927 இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே தொடங்கிய முயற்சி 1947 இல் முழுச் சட்டமாயிற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அயல்நாட்டு விதை என்று சொல்வார் சொல்லட்டும். செங்கற்பட்டு மண்ணில் அது வேர்விட்டிருந்தது.

நாம் வாழவந்த இக்கன்னட நாட்டையும் மறத்தல் ஆகாது. மைசூர் அரசு 1933 இலேயே இந்துப் பெண்களின் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, குடும்பச் சொத்துப் பிரிக்கப்படுங்கால் தாய், மணமாகாத மகள் ஆகியோர்க்கும் ஒரு பங்கு உண்டு என்றது. ஆங்கிலேய இந்தியாவிற் கைம்பெண்ணுக்குப் பங்களிக்கும் சட்டம் அதற்கு நான்காண்டு கழித்து, 1937 இலேதான் வந்தது. விடுதலைக்குப் பின் இந்துச் சட்டத் தொகுப்பு தள்ளிப்போடப்பட்டதை ஒரு காரணமாகக் காட்டி, டாக்டர் அம்பேத்கர் 1951 இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் பங்கில் மகளையும் வாரிசாக்கியது. ஆனால் பூர்விகச் சொத்திற் பிறப்புரிமை மகனுக்கே இருந்தது. அதனை 1989 இல் தமிழ்நாடும், 1994 இல் கர்நாடகமும் மணமாகாத மகளுக்கு நீட்டின. 2005 இல் நடுவண் அரசின் திருத்தம் மணமானவள், மணமாகாதவள் என்னும் வேறுபாடின்றி மகள் அனைவர்க்கும் அதனை அளித்தது. தந்தை அன்று உயிரோடிருந்தாரா என்று பாராமல் மகளுக்கு அவ்வுரிமை பிறப்பாலேயே உண்டு என்று உச்சநீதிமன்றம் 2020 இல் தெளிவுபடுத்தியது.

ஆகவே, 2012 இல் தங்கை கேட்ட கேள்வியின் முதற்பகுதிக்குச் சட்டத்தின் விடை ஐயத்துக்கு இடமற்றது. அது அவளுடையதே. அலுவலகத்தில் விதிநூலைப் புரட்டிப் பிறர்க்கு உரிமை எடுத்துச் சொல்வதே தொழிலாகக் கொண்ட நமக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. தெரிந்ததனாலேதான் கையெழுத்து வாங்கினோம்!

அன்பு குறையுமா?

எதிர்வழக்கு ஒன்று உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று. "உரிமைக் கணக்கு நுழைந்தால் உறவு போய்விடும். தங்கையின் திருமணத்துக்குக் கடன்பட்டவன் அண்ணன். பொங்கல் சீர் தவறாமல் அனுப்புகிறவன் அவன். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்பவன் அவன். இவையெல்லாம் எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கின்றன? எழுதாமலே செய்கிறோமே, அதுவன்றோ அன்பு?" என்பர். இவ்வழக்கில் உண்மை உண்டு. எங்கள் வீட்டிலும் தங்கையின் திருமணக் கடன் ஆறாண்டுகள் எங்கள் சம்பளத்தைத் தின்றது. அதனை மனமொப்பியே செய்தோம்.

ஆனால் அந்த வாதத்தில் கொடுப்பவன் எப்போதும் அண்ணனாகவே இருக்கிறான் என்பதைக் கவனிக்க. கொடுப்பவனுக்குப் பெருமை உண்டு. கொடுக்கும் அளவும் காலமும் அவன் கையில் உண்டு. பெறுபவளுக்கு நன்றி சொல்லும் கடமை மட்டுமே உண்டு. நம் தங்கை பங்கைக் கேட்கவில்லை. தானும் கொடுப்பவளாக எண்ணப்பட வேண்டும் என்றே கேட்டாள். தன்னுடையதல்லாத ஒன்றை எவரும் கொடுக்க இயலாது. உரிமை இருந்தாலன்றி ஈகை இல்லை. உரிமை வந்தால் அன்பு போகும் என்று அஞ்சுகிறோம். பெண்ணிடமிருந்து நமக்கு வரும் அன்பு அன்பாக நிற்பதற்கே அவளுக்கு உரிமை வேண்டியிருக்கிறது. அவளது பங்கு அவளுடையது என்று ஒப்பி, அதன்பின் அவள் விட்டுக்கொடுத்திருந்தால், அவள் எங்களுக்கு இரண்டரை ஏக்கரில் மூன்றிலொரு பங்கை ஈந்த கொடையாளி. ஒப்பாமல் வாங்கியதனால், அவள் ஒரு தாளில் மை தேய்த்தவள் மட்டுமே.

இதே கேள்வியை நம் பெங்களூர்த் தெருக்களிலும் கேட்டிருக்கிறோம். 2016 ஏப்ரலில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர்ச் சாலையை நிறைத்து நின்றனர். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை ஐம்பத்தெட்டு வயதுக்கு முன் எடுக்கலாகாது என்னும் அறிவிப்பே காரணம். முதுமைக் காலத்து நன்மைக்காகவே அவ்விதி என்று கூறப்பட்டது. நன்மையாகவே இருக்கலாம், ஆனால் எங்கள் பெயரில் உள்ள பணம் எங்களுடையதா, இல்லையா என்பதே அவர்களின் கேள்வி. இரண்டே நாளில் அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது.

நம் அரசுப் பணியிலும் ஒரு கையெழுத்தின் கதை உண்டு. குடகு நாட்டு விராசுப்பேட்டையிற் பிறந்து சென்னையிற் பயின்ற சி. பி. முத்தம்மா, 1949 இல் இந்திய வெளியுறவுப் பணியிற் சேர்ந்த முதற்பெண். மணம் செய்துகொண்டால் பணியை விட்டு விலகுவேன் என்று சேரும்போதே அவரிடம் எழுதி வாங்கப்பட்டது. பெண் அலுவலர் மணம் புரிய முன்னிசைவு பெற வேண்டும் என்று விதியே இருந்தது. ஆண் அலுவலர்க்கு அவ்வாறில்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே உயர்வு அளிக்கப்பட்டதால் 1979 இல் மனு முடித்துவைக்கப்பட்டது. ஆயினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளின் பாகுபாட்டைக் கடிந்து, பணி விதிகளைத் திருத்துமாறு அரசுக்கு வலியுறுத்தினார். முத்தம்மா 2009 இல் இப்பெங்களூரிலேயே காலமானார். இன்று நம் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு 180 நாள் மகப்பேற்று விடுப்பு விதியாக உள்ளது. மேலதிகாரியின் முகம் பார்த்துப் பெறும் தயவாக இருந்திருந்தால் அவள் எத்தனை நாள் பெற்றிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

புலம்பெயர்ந்தோர்க்கு ஒரு சொல்

இக்கேள்வி நம்மைப் போன்ற குடும்பங்களை மிகுதியாகத் தொடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பெங்களூரில் இரண்டு தலைமுறை வாழ்ந்தும் 'எங்கள் ஊர்' என்று நாம் சொல்வது வேறொரு ஊரை. அங்கே வீடு இடிந்திருக்கலாம். ஆனால் பட்டாவில் நம் பெயர் இருக்கிறது. அந்த ஒரு பிடி மண்ணே நம்மை ஊரானாக்குகிறது. தங்கையின் பங்கை எழுதி வாங்கியபோது, நிலத்தின் விலையை மட்டும் நாங்கள் வாங்கவில்லை. 'எங்கள் ஊர்' என்று அவள் சொல்லும் உரிமையையும் வாங்கிக்கொண்டோம். அதன்பின் ஊர்த் திருவிழாவுக்கு நாங்கள் ஊராராகப் போனோம். அவள் விருந்தாளியாக வந்தாள். பங்குக் கிணற்றுப் படியில் அவள் கால் வைக்கத் தயங்கி நின்றதை ஓர் ஆடித் திங்களில் நாம் கண்டோம். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

2023 இல் நாங்கள் சகோதரர் இருவரும் பேசி முடிவுசெய்து, அவள் பங்கை அவளுக்கே திருப்பி எழுதச் சென்றோம். பழைய பத்திரத்தை மாற்றுவதைவிடப் புதிதாகத் தான செட்டில்மெண்டு எழுதுவதே எளிது என்றார் பத்திர எழுத்தர். அதன் வாசகத்தைத் தங்கை படித்தாள். சகோதரர்கள் தங்களுக்குச் சொந்தமான நிலத்தை, அவள்மீதுள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும் தானமாக வழங்குவதாக அதிற் கண்டிருந்தது. அவள் சிரித்தாள். "என்னுடையதை எனக்கே தானம் செய்கிறீர்களா, அண்ணா?" என்றாள்.

அச்சிரிப்பிற் கசப்பில்லை. ஆனால் அதற்குமேல் நமக்கு ஒரு பாடமும் தேவைப்படவில்லை. உரிய காலத்தில் ஒப்பாத உரிமை, பின்னர் எவ்வளவு நன்மனத்தோடு திருப்பினாலும், தயவாகவே பதிவாகிறது. நிலம் அவளிடம் திரும்பிற்று. அவள் அன்றைக்குக் கேட்ட சொல் பத்திரத்தில் ஏறவில்லை. ஆதலின் அதனை இங்கே எழுதுகிறோம்: அம்மா தங்கையே, அது உன்னுடையதாகவே இருந்தது. 2012 இல் நீதான் எங்களுக்குக் கொடுத்தாய்.

ஊரில் இன்னும் பிரிக்கப்படாத நிலமோ வீடோ உடையவர் இச்சங்கத்தார் நடுவிற் பலர் இருப்பர். இவ்வாண்டோ அடுத்த ஆண்டோ பதிவு அலுவலகத்துக்குச் செல்வர். அவர்கட்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. கையெழுத்துக் கேட்பதற்கு முன், உடன்பிறந்தவளை உட்காரவைத்து, "இது உன்னுடையது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் வைத்துக்கொண்டால் அது முறை. அவள் கொடுத்தால், கொடையாளிக்குச் சொல்லும் நன்றியை அவளுக்குச் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள்.